முகத்தைக் கடைசியாகப் பாருங்கள்: கோட்டுப் போட்ட பெரியவரின் ஓவியத்தைப் படிக்கத் தொடங்குவோருக்கு

எங்கள் கொங்குப் பக்கத்தில் பழைய தொட்டிக்கட்டு வீடு எதற்குள் நுழைந்தாலும் ஆசாரத்துச் சுவரில், அதாவது கூடத்துச் சுவரில், ஒரு பெரியவர் இருப்பார். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, தலையில் உருமால், தோளில் மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம், கையில் வெள்ளிப்பூண் போட்ட தடி. பக்கத்தில் சின்ன மேசை, அதன்மேல் ஒரு புத்தகம், பின்னால் திரைச்சீலை. கோயம்புத்தூரில் பழைய பஞ்சாலை அலுவலகங்களிலும் பள்ளிக்கூட மண்டபங்களிலும் அதே மாதிரிப் பெரியவர் இன்னும் கொஞ்சம் பெரிய பிரேமுக்குள் நிற்பார்.

"யாருங்க இவரு?" என்போம். "எங்க அப்பாருங்க" என்பார்கள். தலையை ஆட்டிவிட்டுக் காபி டம்ளரை வாங்கிக்கொள்வோம். அத்தோடு சரி.

அந்தப் படத்துக்கு முன்னால் அரைமணி நேரம் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓவியப் படிப்பெல்லாம் வேண்டாம். வேட்டியை விரல் நுனியால் நெருடிப் பார்த்தே அது எண்பதாம் நம்பர் நூலா நூறா என்று சொல்லிவிடுகிற ஆட்கள் உள்ள ஊர் நமது. அந்தக் கண்ணும் விரலும் போதும். பார்க்கும் வரிசை மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு உருவப்படத்துக்குள் மூன்று பேர் இருக்கிறார்கள்: உட்கார்ந்தவர், வரைந்தவர், காசு கொடுத்தவர். கேமரா தனக்கு முன்னால் இருப்பதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். ஓவியத்தில் ஒரு பொத்தான் இருக்கிறதென்றால், அது வேண்டும் என்று யாரோ நினைத்து, நேரம் செலவழித்து வைத்திருக்கிறார். யார் நினைத்தார், எதற்காக நினைத்தார் என்று கேட்டுக்கொண்டே போவதுதான் படம் படிப்பது. முகம் இந்தக் கேள்வியைக் கேட்க விடாது. பார்த்த மாத்திரத்தில் "கண்டிப்பான ஆளு", "தங்கமான மனுசன்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவோம். அப்புறம் பார்ப்பதெல்லாம் அந்தத் தீர்ப்புக்குச் சாட்சி சொல்ல வந்துவிடும். அதனால் என் வரிசையில் முகத்துக்குக் கடைசி இடம்.

எடுத்துப் போக வேண்டியவை

ஒரு நோட்டு, பென்சில், சின்ன டார்ச், வாட்ச் கடைக்காரர் வைத்திருப்பது போல ஒரு பூதக்கண்ணாடி. நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: கண்டது, கருதியது, கேட்டது. "இடது கையில் மோதிரம்" என்பது கண்டது. "வசதியானவர்" என்பது கருதியது. "மோதிரம் அவருடையதா?" என்று வீட்டாரிடம் விசாரித்து எழுதுவது கேட்டது. இரண்டாம் பத்தியில் இருக்க வேண்டியது முதலாவதில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. எனக்கு இன்றைக்கும் தடுமாறும்.

காலை ஒன்பது பத்து மணிக்குப் போவது நல்லது. கண்ணாடி போட்ட படமென்றால் எதிர்ச் சன்னலைச் சாத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெரியவருக்குப் பதில் உங்கள் முகம்தான் தெரியும்.

ஒன்று முக்கியம். தொடாதீர்கள், துடைக்காதீர்கள். எண்ணெய் ஓவியத்தை ஈரத் துணியால் துடைப்பது, உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பது, தேங்காயெண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவது எல்லாம் நம் வீடுகளில் நடக்கிறது. தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது எங்கள் வீட்டில் ஒருவர் ஈரத் துணியைப் போட்டு, படத்தில் இருந்த அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) தடி நுனியில் இருந்த சாயம் துணியோடு வந்துவிட்டது. கண்ணாடியில்லாத படத்தின்மேல் நேராகச் சந்தனம் குங்குமம் வைப்பதும் அதே கெடுதிதான். பொட்டைப் பிரேமுக்கு வையுங்கள்.

முதல் கேள்வி: இது ஓவியம்தானா?

சுவரில் இருப்பது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்த அசல் ஓவியம். என்லார்ஜ் செய்த கருப்புவெள்ளைப் போட்டோவின்மேல் வண்ணம் ஏற்றியது. அல்லது இறந்தவரின் சின்னப் போட்டோ ஒன்றைப் பார்த்து ஓவியர் புதிதாக எழுதியது. நம் வீடுகளில் பின்னிரண்டும்தான் நிறைய.

டார்ச்சைப் படத்துக்குப் பக்கவாட்டில், சுவரை ஒட்டிப் பிடியுங்கள். தூரிகைத் தடம் மேடு பள்ளமாக நிழல் தந்தால் வண்ணம் கனமாக ஏறியிருக்கிறது. மேல்பரப்பு மொழுமொழுவென்று இருந்து, உருமாலின் வெள்ளையிலும் கடுக்கன் மினுக்கத்திலும் மட்டும் பொட்டுப் பொட்டாக வண்ணம் துருத்திக்கொண்டிருந்தால் அடியில் போட்டோ இருக்க வாய்ப்பு அதிகம். பூதக்கண்ணாடியில் தாடி மீசையைப் பாருங்கள். மயிர் ஒவ்வொன்றும் இழுத்த கோடாக இல்லாமல் புகைமாதிரி கரைந்து போனாலும் அதே சந்தேகம் வரவேண்டும். போட்டோவின்மேல் வரைந்ததென்றால் அது மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த இடத்தைப் போட்டோவிலேயே விட்டார், எந்த இடத்தை மாற்றினார் என்று பிரித்துப் பார்க்க அதில்தான் நல்ல வாய்ப்பு.

கோட்டுப் பொத்தானையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஆண்களின் கோட்டில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேலே ஏறும். நாம் எதிரில் நின்று பார்ப்பதால் நம் வலது கைப்பக்கம் இருக்கும் துணி மேலே தெரிய வேண்டும். தலைகீழாக இருந்தால் படம் எங்கோ ஒரு கட்டத்தில் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பிப் போயிருக்கலாம். அப்படியென்றால் இடது கன்னத்து மச்சம் உண்மையில் வலது கன்னத்தில் இருந்திருக்கும்.

அளவும் இருப்பும்

தலை மட்டுமா, மார்பு வரையா, முழங்கால் வரையா, செருப்பு வரைக்குமா? காசு பேசும் இடம் இது. இங்கிலாந்தில் இதற்கு விலைப்பட்டியலே உண்டு. ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்ற ஓவியர் 1780-களில் தலைக்கு 50 கினி (அந்நாளைய ஆங்கிலேயப் பணம்), அரை உருவத்துக்கு 100, முழு உருவத்துக்கு 200 வாங்கினார். கை ஒன்று கூடினால் வேலை கூடும், வேலை கூடினால் விலை கூடும். நம் ஊர் ஓவியருக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். ஆகவே, கையே தெரியாத படத்தைப் பார்த்தால் கூச்ச சுபாவம் என்று எழுதிவிடாமல், அன்றைக்கு வீட்டில் எவ்வளவு பணம் இருந்தது என்றும் யோசியுங்கள்.

பிறகு, ஓவியரின் கண் எந்த உயரத்தில் இருந்தது என்று பாருங்கள். மேசையின் மேல்பலகை நன்றாக விரிந்து தெரிந்தால் ஓவியர் மேலிருந்து பார்த்திருக்கிறார். பலகை ஒரு கோடாக ஒடுங்கி, பெரியவரின் தாடைக்கு அடிப்பாகம் தெரிந்தால் கீழிருந்து பார்த்திருக்கிறார். அப்படி வரைந்த ஆள் படத்தில் ஓங்கி நிற்பார். மண்டபத்தில் உயரமாக மாட்டுவதற்கென்றே வரைந்த படங்களில் இதைப் பார்க்கலாம்.

துணி

இங்கேதான் நிதானமாக நிற்க வேண்டும். நம் ஆட்கள் வேறு யாரையும்விட நன்றாகப் படிக்கக்கூடிய பகுதி இது.

லண்டன் நேஷனல் கேலரியில் ஒரு தையல்காரரின் படம் இருக்கிறது. இத்தாலியின் பெர்கமோ பகுதியைச் சேர்ந்த ஜொவான்னி பத்திஸ்தா மொரோனி சுமார் 1565–70-இல் வரைந்தது. மேசைக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறார். மேலே வெளிறிய சந்தன நிறச் சட்டை, கீழே உப்பலான சிவப்புக் கால்சட்டை. வலது கையில் கத்தரி. மேசைமேல் கருப்புத் துணி, அதில் வெட்ட வேண்டிய இடத்தில் வெள்ளைக் கோடு. வெட்டப் போகும் நேரத்தில் யாரோ கடைக்குள் வந்ததுபோலத் தலையை நிமிர்த்தி நம்மைப் பார்க்கிறார். திருப்பூரில் கட்டிங் மேசைக்கு முன்னால் நின்ற யாருக்கும் இந்த ஆளைத் தெரியும்.

அந்தக் கருப்புத் துணிதான் கவனிக்க வேண்டியது. அன்றைக்கு அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் உடுத்தியது கருப்பு. மொரோனி வரைந்த கனவான்களில் பலர் கருப்பில்தான் இருக்கிறார்கள். தையல்காரர் அந்தத் துணியை வெட்டுகிறவர், உடுத்துகிறவர் இல்லை. அக்காலத்தில் ஆழ்ந்த கருப்பை ஏற்றுவது பெரிய செலவு. நல்ல சாயக்காரர் முதலில் நீலத்தில் முக்கி, அதன்மேல் மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம் ஏற்றுவார். மாசிக்காயையும் இரும்பையும் வைத்துச் செய்த மலிவான கருப்பு நூலை அரிக்கும், நாளாவட்டத்தில் பழுப்பேறும். ஆகவே, பழைய ஐரோப்பிய ஓவியத்தில் கருப்பு உடுத்த கனவானைப் பார்த்து "எளிமையானவர்" என்று எழுதினால் தப்பாகிவிடும். அந்தப் படத்திலேயே விலை கூடிய பொருள் அந்தக் கருப்பாக இருக்கலாம். நிறத்தை இன்றைய கண்ணால் படிக்காமல், அன்றைக்கு அந்தச் சாயம் என்ன விலை என்று கேட்டுப் பழகுங்கள்.

இப்போது நம் ஆசாரத்துக்குத் திரும்புவோம். வெள்ளை வேட்டியும் வெள்ளை அங்கவஸ்திரமும் வரைவது ஓவியருக்குப் பெரிய சோதனை. வெள்ளையை வெள்ளை வண்ணத்தால் மட்டும் வரைந்தால் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகிவிடும். கைதேர்ந்தவர் மடிப்புக்குள் சாம்பலும் நீலமும் இளமஞ்சளும் வைத்திருப்பார். கிட்டே போனால் அழுக்கு மாதிரி இருக்கும், நாலடி தள்ளி வந்தால் கஞ்சி போட்ட துணி விறைப்பாக நிற்கும். சரிகைக் கரையும் அப்படித்தான். பூதக்கண்ணாடியில் மஞ்சளும் பழுப்பும் கலந்த சின்னச் சின்ன ஒற்றல்களாக உடைந்து போனால் கை தேர்ந்த கை. கோடு கிழித்து மஞ்சள் நிரப்பியிருந்தால் அவசர வேலை.

அடுத்து, உடை ஆளுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். தோள் தையல் தோள் எலும்பின்மேல் உட்கார்ந்திருக்கிறதா, கைப்பக்கம் வழிகிறதா? பொத்தானைச் சுற்றி இழுப்புச் சுருக்கம் இருக்கிறதா? தாராபுரம் பக்கம் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு ஆசாரத்தில் அப்புச்சியின் படம் இருக்கிறது. அதில் நான் முதன்முதலில் உருப்படியாகக் கண்டது காலரைத்தான். காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. கோட்டு ஒரு தடித்த ஆளுக்கு அளவெடுத்தது மாதிரியும், கழுத்து ஒல்லியான ஆளுடையது மாதிரியும் இருந்தது. "கோட்டு இரவல்?" என்று இரண்டாம் பத்தியில் கேள்விக்குறியோடு எழுதிக்கொண்டேன்.

பெயர் வைக்க அவசரப்படக் கூடாது என்பதற்கு ஒரு உதாரணம். யான் வான் ஐக் 1433-இல் வரைந்த ஒரு படத்தை உலகமே "சிவப்புத் தலைப்பாகை மனிதர்" என்கிறது. அவர் தலையில் இருப்பது நம் உருமால் மாதிரியான தலைப்பாகையே இல்லை. வால் நீண்ட ஒரு வகைத் துணிக்குல்லாயின் நுனிகளைத் தூக்கித் தலைமேல் சுற்றிக் கட்டியிருக்கிறார். சுற்றியிருப்பதை எல்லாம் தலைப்பாகை என்று எழுதாமல் "சிவப்புத் துணி, தலையைச் சுற்றி, முன்பக்கம் முடிச்சில்லை" என்று கண்டதை மட்டும் முதலில் எழுதுங்கள். நம் பக்கத்து உருமாலிலும் கட்டு முறைகள் பலவிதம். எந்தக் கட்டு எந்தக் குடும்பத்தில், எந்தச் சடங்கில் என்று வயதானவர்களிடம் கேட்டால் மூன்றாம் பத்தி தானாக நிறையும்.

கை

துணிக்கு அடுத்துக் கை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். முகத்தை அடக்கிக்கொள்ளத் தெரிந்தவர்களும் கையை மறந்துவிடுவார்கள்.

பாரிஸ் லூவ்ரில் ஆங்க்ர் 1832-இல் வரைந்த பெர்த்தேன் என்ற பத்திரிகை முதலாளியின் படம் இருக்கிறது. கருப்புக் கோட்டுப் போட்ட கனத்த மனிதர், நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைமேல் ஊன்றியிருக்கிறார். விரல்கள் விரிந்து, பருந்துக் கால் மாதிரி பிடித்திருக்கின்றன. பண்ணாடி, அதாவது பண்ணையார், களத்துமேட்டில் உட்கார்ந்து நெல் அளப்பதைப் பார்த்திருந்தால் இந்த உட்காரலை உடனே அடையாளம் தெரியும். புத்தகமோ தடியோ பதக்கமோ எதுவும் தேவைப்படவில்லை. இரண்டு கையே அவருடைய அதிகாரத்தைச் சொல்லிவிடுகிறது.

கையைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். கை எதைப் பிடித்திருக்கிறது? பிடித்திருக்கும் பொருளின் கனம் விரலில் தெரிகிறதா? கையின் வயதும் முகத்தின் வயதும் ஒன்றா? தடியைப் பிடித்திருக்கிறார், ஆனால் விரல்கள் பூவைப் பிடித்ததுபோல இருக்கின்றன என்றால் அந்தத் தடி பிற்பாடு வரைந்து கொடுக்கப்பட்டதாக இருக்கலாம்.

எங்கள் அப்புச்சி படத்தில் கை வழுவழுவென்று, நகம் நீண்டு, விரல் கூம்பி, கோயில் சிற்பத்தில் இருப்பது போல அழகாக இருக்கும். ஸ்டூலில் ஏறி நின்று டார்ச் அடித்துக்கொண்டே, "ஏனுங்க அம்மிச்சி, அப்புச்சி கை இவ்வளவு மெதுவா இருக்குமுங்களா?" என்று கேட்டேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அது உங்க அப்புச்சி கையில்ல கண்ணு. கவலை ஓட்டுன கை அப்படியா இருக்கும்? வடக்கயிறு அறுத்து உள்ளங்கையெல்லாம் காய்ச்சுக் கெடக்கும்" என்றார்.

கிணற்றில் கவலை பூட்டி, காளையை முன்னும் பின்னும் நடத்தி, நாளெல்லாம் தண்ணீர் இறைத்த மனிதர். ஓவியர் கொடுத்திருப்பதோ எல்லோருக்கும் கொடுக்கிற கை. ஓவியர்களிடம் இப்படிச் சில தயார்க் கைகள் இருக்கும். வேறு யாரோ ஒருவரின் படத்திலும் அதே கையை நான் பார்த்திருக்கிறேன்.

பொருளும் எழுத்தும்

இனி மேசைமேல் இருப்பது, சட்டைப்பையில் இருப்பது, மார்பில் குத்தியிருப்பது. காலத்தைக் கணக்கிட இவைதான் உதவும்.

பொத்தான் துளையிலிருந்து பைக்குள் போகும் சங்கிலி பாக்கெட் கடிகாரத்துக்கானது. ஆண்கள் மணிக்கட்டில் கடிகாரம் கட்டுவது முதல் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானது. மணிக்கட்டில் கடிகாரம் இருந்தால் 1914-க்கு முந்தைய படம் என்று யார் சொன்னாலும் கொஞ்சம் யோசியுங்கள். சங்கிலி மட்டும் இருப்பதால் பழையதென்று சொல்லிவிடவும் முடியாது. மரியாதைக்காகச் சங்கிலியைப் பின்னாலும் போட்டார்கள். அப்புச்சி படத்தில்கூடச் சங்கிலி உண்டு. அவரிடம் கடிகாரம் இருந்ததேயில்லை என்று அம்மிச்சி சொன்னார். நிழலைப் பார்த்து மணி சொல்வாராம்.

பதக்கம் இருந்தால் உங்களுக்கு யோகம். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களுக்கு ஆங்கிலேய அரசு 1911-இல் தனிப் பதக்கம் ஏற்படுத்தியது. ரிப்பன் நிறத்திலேயே படிநிலை தெரியும். திவான் பகதூருக்கு வெளிர்நீலம், ஓரம் அடர்நீலம். ராவ் பகதூருக்குச் சிவப்பு, ஓரம் அடர்சிவப்பு. ராவ் சாகிபுக்கு அடர்நீலம், ஓரம் வெளிர்நீலம். பதக்கத்தின் நடுவில் அரசர் தலை இருக்கும். தாடி இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ், அதாவது பதக்கம் 1936-க்கு முன்னால் வழங்கியது. மழித்த முகமென்றால் ஆறாம் ஜார்ஜ், 1936-க்கும் 1947-க்கும் நடுவில். வண்ணம் பழுப்பேறி இருப்பதால் ரிப்பனை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

மேசைமேல் சக்கரம், கதிர்க்குழல், பஞ்சு, ஆலைக் கட்டட வரைபடம் எதாவது இருந்தால் மில் முதலாளி. கோயம்புத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆலை 1888-இல் வந்தது. 1932-இல் நீலகிரியின் பைக்காரா மின்நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு ஆலைகள் மளமளவென்று பெருகின. நிறுவனர்களின் படங்களும் அதைத் தொடர்ந்துதான் அலுவலகச் சுவர்களில் ஏறின. அவற்றில் பலவற்றில் வேட்டி மேலே கோட்டு இருக்கும். கீழே தோட்டத்து ஆள், மேலே கம்பெனி ஆள். அந்த இரண்டையும் ஒரே உடம்பில் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று அந்த மனிதர் நினைத்திருப்பதை நான் எப்போதும் மரியாதையோடு பார்க்கிறேன்.

புத்தகம் இருந்தால் முதுகில் எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். ஹோல்பைன் 1533-இல் வரைந்த "தூதர்கள்" ஓவியத்தில் இரண்டு கனவான்கள் நிற்கிறார்கள். ஒருவரின் குறுவாள் உறையில் 29 என்றும், இன்னொருவரின் முழங்கைக்குக் கீழே உள்ள புத்தகத்தின் ஓரத்தில் 25 என்றும் அவரவர் வயது எழுதியிருக்கிறது. அந்தத் தாடியும் உரோம மேலங்கியும் பார்த்து நாற்பது வயது மதிப்பிடுவோம். எதிரில் நின்று பார்க்கும்போது தரையில் சாய்வாக ஏதோ நீண்ட கறை மாதிரி கிடக்கும். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் அது மண்டையோடு. இருவருக்கும் நடுவில் உள்ள அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் வீணை போன்ற வாத்தியத்தில் ஒரு தந்தி அறுந்திருக்கிறது. இவ்வளவும் ஒரே இடத்தில் நின்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கிடைக்காது. நகர்ந்து பாருங்கள், குனிந்து பாருங்கள்.

பின்புலமும் வெளிச்சமும்

தூணும் திரைச்சீலையும் பெரும்பாலும் சம்பிரதாயம். ஐரோப்பிய அரண்மனை ஓவியங்களில் இருந்து போட்டோ ஸ்டுடியோவின் தொங்கு திரைக்கு வந்து, அங்கிருந்து நம் ஓவியர்களிடம் வந்தது. அதில் அதிகம் துருவ வேண்டாம். திரைக்கு நடுவில் சன்னல் போல ஒரு இடம் திறந்து, அதில் கோபுரமோ கரட்டு மலையோ காங்கேயம் காளையோ தெரிந்தால் மட்டும் நின்று பாருங்கள். அது யாரோ கேட்டு வரைந்தது.

வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று மூக்கு நிழலிலும், அப்புறம் கோட்டு மடிப்பு நிழலிலும், அப்புறம் மேசைக்கால் நிழலிலும் தனித்தனியாகக் குறியுங்கள். பெரும்பாலான ஓவியங்களில் நம் இடது கை மேல்பக்கம் இருந்து வரும். வலது கையால் எழுதும் ஓவியருக்குத் தன் கை நிழல் படத்தில் விழாமல் இருக்க அதுதான் வசதி. மூன்று நிழலும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஓவியர் ஆளை உட்காரவைத்து வரைந்திருக்கலாம். அப்புச்சி படத்தில் மூக்கு நிழல் இடப்பக்கம், கோட்டு நிழல் வலப்பக்கம். காலர் இடைவெளியும் வழுவழுப்பான கையும் இதனோடு சேர்ந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. தலை ஒரு போட்டோவில் இருந்து வந்திருக்கிறது, உடம்பு இன்னொரு மாதிரிப் படத்தில் இருந்து.

ஓரமும் முதுகும்

வீட்டார் சம்மதித்தால் இரண்டு பேர் சேர்ந்து படத்தை இறக்கி, பாய்மேல் சுவரில் சாய்த்து, முதுகைப் பாருங்கள். கித்தானா அட்டையா, ஆணி துருப்பிடித்ததா புதிதா, கடைச் சீட்டு ஒட்டியிருக்கிறதா, பென்சிலில் பெயர் உண்டா? வான் ஐக் அந்தச் சிவப்புத் துணிப் படத்தின் பிரேமிலேயே தன் பெயரையும் "1433, அக்டோபர் 21" என்ற தேதியையும் எழுதி வைத்திருக்கிறார். பிரேமைத் தூக்கிப் போட்டிருந்தால் அந்தத் தேதி போயிருக்கும்.

எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. பழைய பிரேம் செல்லரித்ததென்று ஒரு பிரேம் கடையில் கொடுத்தார்கள். புதுப் பிரேமுக்குள் அடங்கவில்லையென்று கடைக்காரர் கித்தானின் கீழ்ஓரத்தை மூன்று விரற்கடை வெட்டிவிட்டார். ஓவியரின் கையெழுத்து அங்கேதான் இருந்ததாக மாமா சொல்கிறார். அதை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. படத்தைக் கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். "ஓரத்தை வெட்டக் கூடாதுங்க" என்று வாயால் சொன்னால் போதாது, ரசீதில் எழுதி வாங்குங்கள். பழைய பிரேமையும் திருப்பிக் கேளுங்கள்.

எங்கே போய்ப் பழகுவது?

முதலில் சொந்த வீடு, அப்புறம் பங்காளி வீடு, மாமன் வீடு. பிறகு கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடத்துக்குப் போய் வண்ணத்தைக் கிட்டத்தில் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மா (1848–1906) ஓவியங்களைத் தேடிப் பாருங்கள். பட்டும் சரிகையும் எண்ணெய் வண்ணத்தில் எப்படி நிற்கும் என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் நம் பக்கத்தில் கிடைக்காது. மேலே சொன்ன மொரோனி, வான் ஐக், ஹோல்பைன் ஓவியங்களை லண்டன் நேஷனல் கேலரியின் இணையதளத்தில் நூலிழை தெரியும் வரை பெரிதாக்கிப் பார்க்கலாம்.

கடைசியாக முகம்

இப்போது பாருங்கள். நோட்டில் இரண்டு மூன்று பக்கம் நிறைந்திருக்கும். இனி முகம் உங்களை ஏமாற்றுவது கஷ்டம்.

கண் நம்மைப் பார்க்கிறதா, தாண்டிப் போகிறதா என்று குறியுங்கள். உதடு, தாடை, நெற்றித் திருநீறு அல்லது நாமம், காதுக் கடுக்கன். போட்டோவைப் பார்த்து எழுதிய முகங்களில் கண் கொஞ்சம் அகல விழித்திருக்கும், ஆடாமல் அசையாமல் நின்றதால். அதைக் கோபம் என்று எழுதாதீர்கள். பிறகு, முகத்தில் அழகுக்கு உதவாத ஒன்றைத் தேடுங்கள்: அம்மைத் தழும்பு, கோணல் பல், ஒருபக்கம் சாய்ந்த காது. ஓவியருக்கு அதை எடுத்துவிடுவது ஒரு நிமிட வேலை. இருந்தும் விட்டிருக்கிறார் என்றால் யாரோ விடச் சொல்லியிருக்கிறார்.

அப்புச்சியின் இடது புருவத்தில் நெல்மணி அளவு ஒரு வெட்டு இருக்கிறது. அந்த இடத்தில் முடி இல்லை, தோல் கொஞ்சம் வெளிறியிருக்கிறது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது அங்கே மட்டும் வண்ணம் இரண்டு தடவை ஏறியிருப்பது தெரிந்தது. அடியில் முழுப் புருவம், அதன்மேல் வெட்டு. அம்மிச்சியிடம் கேட்டேன்.

அப்புச்சி போன பிறகு, ஒரு கல்யாணத்தில் கூட்டமாக எடுத்த போட்டோவைக் கொடுத்துத்தான் படம் எழுதச் சொன்னார்களாம். காசு அம்மிச்சியுடையது, ஒரு ஜோடிக் காளைக்கன்று விற்றது. ஓவியர் கோட்டுப் போட்டு, சங்கிலி மாட்டி, கையைத் திருத்தி, புருவத்தையும் முழுசாக்கிக் கொண்டுவந்து வைத்தார். ஆசாரத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறதென்று சொன்னார்கள்.

"கோட்டு இருக்கட்டும், சங்கிலி இருக்கட்டும்னேன். புருவத்துல காரிக் காளை கொம்பு பட்ட தழும்பு எங்கேன்னு கேட்டேன். அதப் போட்டுக் கொண்டாந்தாத்தான் மீதிப் பணம்னு திருப்பி அனுப்பீட்டேன் கண்ணு" என்றார்.